ஒருவர் பார்க்க, ஒருவர் தொட

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். எனக்கு வந்த அதே நோய் அவருடைய தம்பிக்கும் வந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறான், கண்ணைத் தவிர எதுவும் அசையவில்லை. "டாக்டருங்க மத்ததெல்லாம் சொல்லிப்போட்டாங்க. உள்ளுக்குள்ள அவனுக்கு எப்படி இருக்கும்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு, சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கோகிலா. கோயமுத்தூரில் சின்னச் சின்ன வீடியோ கேம்கள் வடிவமைப்பது என் வேலை. துப்பாக்கி, கார் பந்தயம் எல்லாம் கிடையாது. டவுன் பஸ் வருவதற்குள் விளையாடி முடித்துவிடலாம். தோற்க முடியாது. முடித்துவிட்டுப் போனைப் பைக்குள் போடும்போது மனசு கொஞ்சம் லேசாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மழை வருவதற்குள் மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுத்து மடிக்கிற விளையாட்டு ஒன்று செய்தோம். கல்யாணப் பந்தியில் இலை போட்டு ஒவ்வொன்றாகப் பரிமாறுகிற விளையாட்டு ஒன்று. பெரிய பணம் வந்ததில்லை. ஆனால் வாடகை கொடுக்க முடிந்தது.

'செய்தோம்' என்பது நானும் ரஹ்மத்தும். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவள். காந்திபுரத்தில் ஒரு ஹெட்போன் கடைக்கு மேலே, ஒரு லாட்ஜுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் எங்கள் அறை. இரண்டு மேசை, ஒரு ஃபேன். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டின் கூச்சல் முழுவதும் உள்ளே வரும். மூடினால் வேர்க்கும். பெரும்பாலும் திறந்தே வைத்திருப்போம்.

நான் நோயில் விழுந்தபோது நாங்கள் செய்துகொண்டிருந்தது பட்டன் விளையாட்டு. ரஹ்மத் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா கோட்டைமேட்டில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறார். நூல், ஜிப், ஊக்கு, பட்டன். சின்ன வயசில் ஒருநாள் பட்டன் டப்பாக்கள் அடுக்கிய பலகையையே அவள் இழுத்துத் தள்ளிவிட்டாளாம். அத்தா திட்டவில்லை. "எல்லாத்தையும் பிரிச்சு வைச்சுட்டு வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னாராம். "அன்னைக்கு மாதிரி சந்தோஷமா நான் என்னைக்குமே இருந்ததில்ல கோகி. அத்தா வந்து போதும்னு சொன்னப்ப அழுகையா வந்துச்சு" என்பாள். அந்தச் சந்தோஷத்தைப் போனுக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்த்தோம். கொட்டிக் கிடக்கும் பட்டன்களை விரலால் இழுத்து, அதனதன் டப்பாவில் போட வேண்டும். சத்தங்களை அந்தக் கடையிலேயே போய்ப் பதிவு செய்தோம். பித்தளைப் பட்டன் ஒருவிதமாக விழும், பிளாஸ்டிக் ஒருவிதமாக. கொட்டாங்கச்சியில் செய்த பட்டன் 'டொக்' என்று விழும்.

ஒவ்வொன்றும் சரியாக விழும்போது 'அருமை' என்று ஒரு குரல் சொல்லும். அது என் குரல். பஸ் ஹாரன் கேட்காத ஒரு நொடிக்காகத் துப்பட்டாவைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு இருவரும் காத்திருந்து பதிவு செய்தது. காந்திபுரத்தில் அது நடக்கிற காரியமா? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வந்து முடித்தோம்.

விளையாட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, யாரையாவது உட்கார வைத்து விளையாடச் சொல்வோம். லாட்ஜ் மேனேஜர், கீழே ஹெட்போன் வாங்க வந்தவர், பஸ்ஸைத் தவறவிட்டவர், யாராக இருந்தாலும் சரி. நான் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பேன். ரஹ்மத் விரலைப் பார்ப்பாள். உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டால் எனக்குப் போதும், குறித்துக்கொள்வேன். "மூஞ்சி மரியாதைக்குச் சிரிக்கும் கோகி. வெரலுக்கு மரியாதை தெரியாது" என்பாள் அவள். இதைப் பற்றித் தினமும் சண்டை. இப்போது நினைத்தால் அந்தச் சண்டைகள் அவ்வளவு இனிப்பாக இருக்கின்றன.

சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து எனக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் சரியாகிவிட்டது, மறந்தும்விட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருந்தது. மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. சரியான செருப்பு இல்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் பல் விளக்கி வாய் கொப்பளித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட துணி மாதிரி முகம் வழவழவென்றிருந்தது. சிரித்துப் பார்த்தேன், அது அப்படியே இருந்தது. கண்ணை மூடப் பார்த்தேன், மூடவில்லை.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்கிறார். தினமும் இருட்டோடு கிளம்பிவிடுவார். அவருக்குப் போன் செய்து "மாமா" என்றேன். உதடு ஒட்டினால்தான் 'மா' வரும். எனக்கு 'ஆ... ஆ...' என்றுதான் வந்தது. லைன் சரியில்லை என்று அவர் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதேதான். பிறகு, "அம்மணி, அப்படியே உக்காந்திரு. எங்கயும் எந்திரிச்சுப் போயராத. வாரேன்" என்றார். அவர் சொல்லித்தான் ரஹ்மத் ஆட்டோவோடு வந்து என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சமையல் நிகழ்ச்சி. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்னைக் கூப்பிட்டபோது எழுந்து நிற்க முடியவில்லை. சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். அதில் உட்கார்ந்த அந்தக் கணம்தான் முதல்முதலாகப் பயம் வந்தது. அதுவரை வெறும் குழப்பம்தான்.

நரம்பு டாக்டர் நடுவயதுப் பெண். சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. இன்னொரு காலிலும் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதற்குள் பொள்ளாச்சியிலிருந்து வந்துசேர்ந்துவிட்ட என் வீட்டுக்காரரிடமும் என்னிடமும் சேர்த்துச் சொன்னார்.

"வயித்துக்கு ஒரு கிருமி வந்துச்சில்லைங்க. அதை அடிக்கறதுக்கு உடம்பு ஒரு படையக் கெளப்புச்சு. கிருமி போயிருச்சு. படை திரும்பிப் போகல. நரம்பு மேல இருக்கற உறையக் கிருமின்னு நெனச்சுக் கடிக்குது. கரண்ட் ஒயர் மேல ரப்பர் இருக்கும் பாருங்க, அந்த மாதிரி உறை. அது போனா மூளை சொல்றது கைகாலுக்குப் போய்ச் சேராது. இதுக்கு கில்லன்-பாரேன்னு பேருங்க. பெரும்பாலானவங்களுக்கு நல்லாயிரும். ஆனா அதுக்கு முன்னால இன்னும் கொஞ்சம் மோசமாகும். அதை நீங்க தெரிஞ்சுக்கோணும்."

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இரண்டு பரிசோதனைகள் செய்தார்கள். ஒன்றில் கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சுரீர் என்றிருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் ஒருக்களித்துச் சுருண்டு படுக்க வைத்து, முதுகெலும்புக்கு இடையில் ஊசி விட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் எடுப்பார்கள். அதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். பயப்படும் அளவுக்கு வலியில்லை. டாக்டர் சொன்னது சரிதான் என்று இரண்டும் காட்டின.

மருந்து என்பது முகம் தெரியாத பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதம். தினமும் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். என் உடம்பின் படையை அது அடக்கும். விலை அதிகம். காப்பீடு ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. மீதிக்கு என்ன செய்தார் என்று மாமா சொல்லவில்லை. விலை ஏறட்டும் என்று குடோனில் வைத்திருந்த கொப்பரையை அந்த வாரமே தள்ளிவிட்டார் என்று பிற்பாடு அவருடைய அண்ணன் மூலம் தெரிந்தது. கேட்டதற்கு, "விலை அப்பவே நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

டாக்டர் சொன்னபடியே மோசமானது. கால், பிறகு கை, பிறகு கழுத்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி ஒருவர் வந்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். நெஞ்சுத் தசைக்கும் நோய் போகிறதா என்று பார்க்கத்தான். எண்ணிக்கை ரொம்பக் குறைந்தால் மூச்சுவிடும் இயந்திரத்தில் போட வேண்டும். என் தொழில் புத்தி அதை ஒரு விளையாட்டாகவே பார்த்தது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் மதிப்பெண் குறைந்துகொண்டே போகிற விளையாட்டு. இப்படி ஒன்றை நான் செய்திருந்தால் ரஹ்மத் என்னைப் படியில் உருட்டிவிட்டிருப்பாள்.

ஒரு நர்ஸ் நல்ல பெண். நான் எண்ணி முடித்ததும் "சூப்பர் அக்கா" என்பாள். முந்தின தடவையைவிடக் குறைவாக எண்ணியிருப்பேன், அப்போதும் "சூப்பர் அக்கா". அவளுடைய மனசு எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் உள்ளே ஏதோ இறங்கியது. ராத்திரி பார்க்க வருகிற இளம் டாக்டர் அப்படியில்லை. எண்ணி முடித்ததும், "மத்தியானத்த விடக் கம்மிங்க. பாத்துட்டே இருக்கோம்" என்பார். அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் வந்தது. எத்தனையோ விளையாட்டுகளில் 'சபாஷ்', 'அருமை' என்று மனசாரப் போட்டிருக்கிறேன். அந்தச் சொல் எந்த நேரத்தில் எப்படிக் கேட்கும் என்பது படுக்கையில்தான் தெரிந்தது.

பார்வை நேரத்தில் மாமா வருவார். அவருக்கு யாரோ இந்த எண்ணும் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். "வா, ரெண்டு பேரும் எண்ணலாம்" என்று மூச்சை இழுத்துக்கொள்வார். நான் எங்கே நிறுத்துகிறேனோ அதற்கு ஒன்றோ இரண்டோ முன்னால் அவர் நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவார். "எனக்கே அவ்வளவுதான் வருது கண்ணு. உனக்கென்ன கொறைச்சல்?" கொப்பரை மூட்டையைத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றுகிறவர் அவர். ஆனால் அந்தப் பொய் எனக்குப் பிடித்திருந்தது. நர்ஸின் பாராட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவர் என்னோடு சேர்ந்து ஆடினார். அதுதான் என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, இயந்திரத்துக்கு அருகில் போய், ஒரு நாள் நின்றுவிட்டது. மறுநாளும் அதே எண்ணிக்கை. அதற்கு மறுநாள் மாமா இருக்கும்போதே எண்ணினேன், ஒன்று கூடியது. இளம் டாக்டர், "ஒண்ணு ஜாஸ்திங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மாமா வெளியே போய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

அதன் பிறகு சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். கை கால் அசையவில்லை. குரல் மூக்கால் வந்தது, சொல்வது யாருக்கும் புரியவில்லை. பேசினால் மூச்சு வாங்குகிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று எனக்கும் மாமாவுக்கும் ஒப்பந்தம். ராத்திரியில் இமையை இழுத்து மூடி, மருந்து தடவி, டேப் ஒட்டி விடுவார். ஒட்டும்போது ஒவ்வொரு நாளும் "காலைல பாக்கலாம்" என்று தவறாமல் சொல்வார்.

பக்கத்துக் கட்டிலில் ராசாத்தி அக்கா. சத்தியமங்கலத்துக்காரர், சர்க்கரை நோயால் காலில் புண். நான் வந்த அன்றைக்கே என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பதிலுக்குச் சிரித்தேன், ஆனால் அது வெளியே வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க தம்பி, உங்கூட்டு அம்மணி பெரிய எடமுங்களா? மொகத்துல ஒரு சிரிப்பக் காணமே."

"சிரிக்காம இல்லீங்கக்கா. சிரிப்பு வெளிய வர்ற நரம்பு இப்ப வேலை செய்யறதில்லைங்க. உள்ளுக்குள்ள சிரிச்சுட்டுத்தான் இருக்கறா."

அக்கா என் பக்கம் திரும்பி, "அப்படீன்னா நான் பேசறப்பெல்லாம் நீ சிரிச்சதாவே நெனச்சுக்கறேன் கண்ணு" என்றார். அன்றிலிருந்து வார்டை விட்டுப் போகும்வரை அவர் பேசுவதை நிறுத்தவில்லை. அவருடைய சம்பந்தி வீட்டுக் கதைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ரஹ்மத் பட்டன் விளையாட்டை, எங்கள் அறையில் சோதிக்க வைத்திருக்கும் போனில் கொண்டுவந்தாள். "பாரு கோகி, டப்பா மூடுற சத்தம் புதுசாப் போட்டிருக்கேன்" என்று என் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக் காட்டினாள். கொட்டாங்கச்சிப் பட்டன் 'டொக்' என்று விழுந்தது. அந்த ஒரு சத்தத்தில் எங்கள் அறை, அந்த ஃபேன், அவளுடைய அத்தா எங்களுக்கு வாங்கித் தந்த தேங்காய் பன், எல்லாம் எனக்குள் வந்து இறங்கின. எனக்குள் நான் சிரித்தேன். வயிறு குலுங்குகிற மாதிரி சிரித்தேன்.

ரஹ்மத் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். விரலை மட்டும் பார்க்கிறவள், எனக்காக அன்றைக்கு முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. கண்ணால் ஆமாம், இல்லை சொல்லும் ஒப்பந்தம் அவளுக்கு அதுவரை தெரியாது.

"புடிக்கலையா? சரி விடு. அலுப்பா இருப்பே" என்று போனைக் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டாள். அவளுடைய கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. என் கண்ணில் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

ஈரோட்டுப் பெண்ணிடம் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். உங்கள் தம்பி உள்ளே முழுசாக இருக்கிறான். நீங்கள் சொல்கிற நகைச்சுவைக்கு அவன் சிரிக்கிறான். முகத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

மறுநாள் மத்தியானம் மாமா, ரஹ்மத் விட்டுப்போயிருந்த அந்தப் போனை எடுத்துப் பார்த்தார். என் விளையாட்டு ஒன்றைக்கூட அவர் அதற்கு முன் தொட்டதில்லை. "அதுல என்ன இருக்குதுன்னு ரெண்டு படிச்ச புள்ளைங்க உக்காந்துட்டு..." என்று பாதியில் விடுவார். அன்று கட்டில் விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார். நான் ஒரு பட்டனைப் பார்த்தேன். பிறகு ஒரு டப்பாவைப் பார்த்தேன்.

"இதா?"

மேலே பார்த்தேன்.

"இந்த டப்பாவுக்கா?"

கீழே பார்த்தேன். அவர் அடுத்த டப்பாவைக் காட்டினார். மேலே பார்த்தேன். பட்டன் விழுந்தது. "அருமை" என்றது போன்.

அவருடைய கை அப்படியே நின்றது. "உன்ற கொரலு" என்றார். தெளிவான 'ம'வோடு, உதடு ஒட்டிப் பிரிகிற என் பழைய குரல். எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. கீழே பார்த்தேன், மறுபடி மறுபடி கீழே பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. சத்தத்தை அணைத்தார். ஆனால் பிற்பாடு ரஹ்மத்திடம், "அந்தக் கொரலு இருக்கறத என்ற போன்ல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்கு விரல் தடிமன். ஒன்றைத் தொட்டால் இரண்டு நகரும். நிறமும் சரியாகத் தெரியவில்லை. அரக்குப் பட்டனைக் காப்பிக்கொட்டை டப்பாவில் போடப் போனார். நான் கீழே பார்த்தேன். "ஏன், ரெண்டும் ஒண்ணுதான?" என்றார். கண்ணை எவ்வளவு உருட்ட முடியுமோ அவ்வளவு உருட்டினேன்.

ராசாத்தி அக்கா எக்கிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, அது அரக்குங்க. இது காப்பிக்கொட்டை. சீலைக் கடைக்கு ஒருக்காகூடக் கூட்டிட்டுப் போனதில்லீங்களா அந்தப் புள்ளைய?"

"போயிருக்கறமுங்க. நான் வெளிய வண்டிலயே இருந்துக்குவேன்."

"அதான பாத்தேன்."

எதிர்க் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். மாமாவும் சிரித்தார். என் மூச்சில் ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும், அவர் சட்டென்று திரும்பி, "நீ சிரிக்கற" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தோள் என்னவோ அசைந்ததாம். அதன் பிறகு வேண்டுமென்றே தப்பான டப்பாவுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். சாயங்காலம் மருந்து கொடுக்க வரும்வரை ஆடினோம்.

ரஹ்மத் எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியாது. அவர் டீ குடிக்கப் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணன் வெரலப் பாத்தேன் கோகி. பட்டனுக்கு மேல வந்து நிக்குது. தொடல. நீ பாக்கற வரைக்கும் காத்துட்டே நிக்குது. இத்தன நாள்ல நம்ம விளையாட்டுல யாரு வெரலும் அப்படி நின்னதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது ஒருத்தர் ஆடற விளையாட்டு இல்லையாட்ட இருக்குது" என்றாள்.

மேலே பார்த்தேன்.

அதற்குப் பிறகான நாட்களை ஒரு ஓட்டமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அப்போது அவை நகரவேயில்லை. முதலில் வலது கட்டைவிரல் அசைந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கப் பழகினேன். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து 'உ' சொல்லு, 'ஈ' சொல்லு, கன்னத்தை உப்பு என்பார். காற்று இரண்டு பக்கமும் போய்விடும். ஒருநாள் உதடு கொஞ்சம் ஒட்டியது. மாமா அப்போது ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "மாமா" என்றேன். "ம்" என்று தன்பாட்டில் உரித்தார். பிறகுதான் கை நின்றது. ராசாத்தி அக்கா அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். இருந்திருந்தால் வார்டையே கூட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்து, ஊன்றுகோலோடு மறுபடியும் அந்த மூன்று மாடி ஏறப் பல மாதங்கள் ஆயின. நானும் ரஹ்மத்தும் விளையாட்டைக் கலைத்துப் புதிதாகக் கட்டினோம். இரண்டு போன் வேண்டும். ஒன்றில் நிறங்கள் தெரியும், தொட முடியாது. மற்றதில் தொடலாம், ஆனால் எல்லாப் பட்டனும் சாம்பல் நிறம். ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டுத் தொட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஆட முடியும். 'அருமை' என்ற குரலை எடுத்துவிட்டோம். சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே இருக்கிறாரே.

லாட்ஜ் மேனேஜரையும் அவருடைய மனைவியையும் உட்கார வைத்துப் பார்த்தோம். இரண்டு பேரும் சிரிக்கவேயில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "அதில்ல, அதுக்குக் கீழ" என்று சண்டை போட்டார்கள். முடிந்ததும் அந்த அம்மா, "இன்னொருக்கா போடுங்க" என்றார். நான் முகத்தைப் பற்றி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அந்த விளையாட்டு கொஞ்சம் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் நீண்ட கடிதம் எழுதுகிறார்கள்.

ரஹ்மத் இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறாள். எங்கள் அறையில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். போன மாதம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணாந்து பார்த்தேன், ஜன்னலை மூடி ஏசி போட்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்தே தனியாக வேலை செய்கிறேன். நடக்கிறேன், எழுதுகிறேன், சிரிக்கிறேன். இடது கன்னம் மட்டும் எப்போதும் வலது கன்னத்துக்குப் பின்னால்தான் வரும். மாமா பழையபடி இருட்டோடு கிளம்பி இருட்டோடு வருகிறார். வந்தால் சாப்பாடு, கணக்கு, தூக்கம்.

ஈரோட்டுப் பெண் போன் செய்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அவர் அங்கே உட்காருகிறவர் இல்லை.

"ஒண்ணு சொன்னாத் திட்ட மாட்டியே?"

"சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுதான்." அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "அந்த வார்டுல இருந்தமில்ல, கடைசியா ஒரு மாசம். பொழுதன்னைக்கும் உன்ற பக்கத்துலயே உக்காந்துட்டு, நீ எங்க பாக்கறயோ அங்கயே பாத்துட்டு... நல்லாத்தான் இருந்துச்சு அம்மணி."

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்குந்தானுங்க மாமா" என்றேன்.

சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று இரண்டு பேரும் வாசல் பக்கம் பார்த்தோம்.